பிரஷர் மாத்திரையும் வலிப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்த அழுத்த மாத்திரை வலிப்பைக் குணமாக்கும் என்று தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, "அப்போ ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்திடலாமாக்கா?" என்று கேட்டான் என் தம்பி. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, மாதங்கள் கழித்து வலிப்பு தொடங்கியவன். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த எச்சரிக்கை செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

இந்த மாத்திரை பற்றிய ஆய்வுகள் சொல்வது குணமாவதைப் பற்றி அல்ல, வராமல் தடுப்பதைப் பற்றி. தலையில் அடிபட்டால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு பழுதாகி, ஆல்புமின் என்ற புரதம் மூளைக்குள் கசிகிறது. அது அங்கே அழற்சியைக் கிளப்பி, நரம்புகளின் இணைப்பையே மெல்ல மாற்றிவிடுகிறது. லோசார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை இந்தத் தூண்டுதலை அடக்குவதை அமெரிக்காவின் பெர்க்லி, இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தினர் 2014இல் எலிகளில் காட்டினார்கள். பிறகு, 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு, ரத்த அழுத்தம் உள்ள 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அலசியது. வேறு பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட லோசார்டான் வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புதிதாக வலிப்பு வருவது 20 முதல் 30 சதவீதம் குறைவு. நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் பழைய பதிவுகளைப் பார்த்துச் சொன்னது. மாத்திரை கொடுத்துச் சோதித்துச் சொன்னதல்ல.

அந்தச் சோதனைதான் வேண்டும். அடிபட்டவுடன் கொடுக்கும் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து முதல் வார வலிப்பைக் குறைக்கிறது. பின்னால் வரும் வலிப்பு நோயைத் தடுப்பதில்லை. அதைத் தடுக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. லோசார்டானோ காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரை. லாபமில்லாத இடத்தில் எந்த கம்பெனி கோடிகளைக் கொட்டும்? இருசக்கர வாகன விபத்தில் தலைக்காயத்தோடு தினமும் ஆட்கள் வந்து சேரும் நம் அரசு மருத்துவமனைகளில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே இதை எடுத்து நடத்த வேண்டும். புதிதாக அடிபட்டவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்த அழுத்தம் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், எப்போது, எந்த அளவில் கொடுப்பது என்பதையும் அங்கேதான் கண்டறிய முடியும்.

தங்கள் இதழ் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் விளக்கம் பெற்று, "இருக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்ற வரியோடு அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகி,
தஞ்சாவூர்