போரான் சாயத்தை விட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கரைசலில் பச்சையாகப் பளீரென்று ஒளிரும் உன் போரான் சாயம், கண்ணாடியில் படலமாகப் படிந்ததும் மங்கிவிடுகிறது, அதனால் அந்த மூலக்கூறையே விட்டுவிடப் போகிறேன் என்றாய். அவசரப்படாதே அம்மா. குறை மூலக்கூறில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1968இல் ஜெர்மனியில் ட்ரைப்ஸ், க்ராய்ட்சர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் முதலில் செய்த போடிபி என்ற போரான் சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது உன் சாயம். நடுவில் இருக்கும் போரான், பைரோல் எனப்படும் இரண்டு ஐந்தணு வளையங்களையும் அசையவிடாமல் பூட்டி வைக்கிறது. வாங்கிய ஆற்றல் முறுக்கத்திலும் அதிர்விலும் வீணாகாததால்தான் கரைசலில் அவ்வளவு ஒளி. ஆனால் அது உறிஞ்சும் ஒளியும் உமிழும் ஒளியும் அலைநீளத்தில் மிக அருகருகே இருக்கின்றன. படலத்தில் மூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கும்போது, ஒன்று தர வேண்டிய ஒளியின் ஆற்றலைப் பக்கத்து மூலக்கூறு எளிதாக வாங்கிக்கொள்கிறது. வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றும்போது நடுவில் ஒருவர் தவறவிட்டால் தண்ணீர் மொத்தமும் போய்விடுமே, அப்படி எங்கோ அடுக்கிக் கிடக்கும் ஒரு ஜோடியில் வந்து அந்த ஆற்றல் வெப்பமாகித் தொலைகிறது.

ஜெர்மன் அறிவியலாளர் ஃபோர்ஸ்டர் 1940களிலேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். ஆற்றல் கைமாறும் வேகம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் வேகம் 64இல் ஒரு பங்குதான். ஆகவே உன் சாயத்துக்கு வேண்டியது இடைவெளி. முதலில் அக்ரிலிக் பாலிமரில் ஒரு சதவீதம் மட்டும் கலந்து படலம் போட்டுப் பார். ஒளி திரும்பி வந்தால் மூலக்கூறின் மேல் பழி இல்லை.

அப்புறம் அலுமினியத்தின் துணையைத் தேடு. அலுமினியத்தை ஆக்சின் என்ற கரிமப் பொருளோடு சேர்த்து வீழ்படிவாக்கி, வடிகட்டி, உலர்த்தி எடை பார்ப்பதை எத்தனை வருட மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! அந்த மஞ்சள் தூளைத்தான் நீங்கள் ஆல்க்யூ3 என்கிறீர்கள். ராச்செஸ்டரில் கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் அதை மெல்லிய படலமாக ஆவிப்படிவு செய்து, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பச்சையாக ஒளிர வைத்தார்கள். அந்தக் கட்டுரை வந்தது 1987இல். கரிமப் பொருளே ஒளிரும் இன்றைய ஓஎல்இடி திரைகளுக்கெல்லாம் அது ஆரம்பம். நாங்கள் எடை பார்க்கப் பயன்படுத்திய பொருளில் அவர்கள் இந்த ஒளியைக் கண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஆனால் நீ கவனிக்க வேண்டியது 1989இல் அவர்கள் செய்தது. ஆல்க்யூ3 அப்படியொன்றும் பிரமாதமான ஒளிர்பொருள் இல்லை. அதற்குள் மிகக் கொஞ்சம் கூமரின் போன்ற சாயத்தைக் கலந்தார்கள். ஆல்க்யூ3 ஆற்றலை வாங்கிச் சாயத்திடம் கொடுத்தது, சாயம் ஒளிர்ந்தது. திறன் ஏறக்குறைய இரட்டிப்பானது. தனியாகப் படலமாக்கினால் மங்கிவிடும் சாயங்கள் அங்கே நன்றாக வேலை செய்தன.

உன் சாயம் 500 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சுகிறது என்றாய். ஆல்க்யூ3இன் ஒளிர்வு 520 பக்கம் உச்சி வைத்து இருபுறமும் அகலமாகப் பரவியிருக்கும். இரண்டு நிறமாலைகளையும் ஒரே தாளில் வரைந்து, எவ்வளவு மேற்பொருந்துகிறது என்று பார். பொருத்தம் குறைவாக இருந்தால், உறிஞ்சும் இடத்தைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்த மூலக்கூறில் ஸ்டைரில் என்ற கரிமக் கிளை ஒன்றைச் சேர்க்கலாம்.

படலத்தில் சாயத்தின் நிறம் தெரிந்தவுடன் ஆற்றல் கைமாறிவிட்டது என்று எழுதிவிடாதே. ஆல்க்யூ3 உமிழ்ந்த ஒளியைச் சாயம் சும்மா உறிஞ்சித் திரும்ப உமிழ்ந்திருந்தாலும் அதே நிறம்தான் வரும். ஆல்க்யூ3இன் ஒளிர்வு ஆயுளை, அதாவது தூண்டியபின் அதன் ஒளி எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்பதை, சாயம் இல்லாமலும் சாயத்தோடும் அளந்து பார். ஆயுள் குறைந்தால்தான் நேரடிக் கைமாற்றம் என்று சொல்லலாம்.

ஆல்க்யூ3இல் சாயம் அரை, ஒன்று, இரண்டு சதவீதம் என்று மூன்று படலம் போதும். புற ஊதா விளக்கின் முன்னால் கண்ணாடி போடாமல் நிற்காதே. ஆயுள் வளைவு கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா