மந்திரியாக நின்ற பிள்ளையையும் பாருங்கள்

திருகோணமலையில் நாடகப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் நடுவர் கதிரையில் இருக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

2024 நவம்பரில் நடிகர் டெல்லி கணேஷ் காலமான செய்தி வந்தபோது உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து, "சேர், அவர் எந்தப் படத்தில ஹீரோ?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. மேடையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் பழக்கினோமோ அவரைத்தான் அவள் தேடினாள்.

வல்லநாட்டில் பிறந்த அந்த மனுஷன் 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை செய்தவர். டெல்லியில் இருந்தபோதே தட்சிண பாரத நாடக சபாவின் மேடையேறினார். அப்புறம் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழு. 1977இல் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அறிமுகப்படுத்திய கே. பாலசந்தர்தான் கணேஷுக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்தார். அதற்குப் பிறகு 400க்கு மேற்பட்ட படங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் அப்பா, மாமா, கணக்கப்பிள்ளை, பக்கவாத்தியம்.

பக்கவாத்தியம் என்றதும் 'சிந்து பைரவி'தான் எனக்கு நினைவு வரும். மிருதங்கக்காரர் குருமூர்த்தி குடித்துவிட்டு வந்திருப்பதைக் கச்சேரிக்குச் சற்று முன்னர் பாடகர் ஜே.கே.பி. கண்டுபிடிப்பார். அவரை அனுப்பிவிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடி முடிப்பார். அந்த இடத்தில் கணேஷின் முகத்தைப் பாருங்கள். அவமானத்துக்கு மேலே, தன் வாத்தியம் இல்லாமலும் கச்சேரி நடக்கிறதே என்ற நோவு அதில் இருக்கும். பின்னால் அதே பாடகர் குடியில் விழும்போது எங்களுக்கு வலிப்பது, முன்னமே குருமூர்த்தி எங்களை அங்கே கொண்டுபோய் விட்டதால்தான். நாயகனின் வீழ்ச்சிக்கு அளவுகோலே அந்தச் சின்னப் பாத்திரம்.

'மைக்கேல் மதன காமராஜன்' பாலக்காட்டு மணி ஐயர் வேறு மாதிரி. சாம்பாரில் மீன் விழுந்த கலவரத்தில் அவர் சிரிப்பூட்ட முயல்வதே இல்லை, உண்மையாகவே பதறுகிறார். சிரிப்பு அதனால் வருகிறது. இதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். "பகிடி விடாமலே சிரிக்க வைக்கிறாரே" என்றார்கள். சரி, பிடித்துக்கொண்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

எங்கள் கூத்துக்கு இது புதிதில்லை. ராசா வருவதற்கு முன், அவர் வரவை அறிவிக்கிற கட்டியகாரன் வர வேண்டும். அவன் சபையைத் தூக்கி வைக்காவிட்டால் ராசாவின் வரவு விழுந்துவிடும். எனக்கு ஆடப் பழக்கிய அண்ணாவியார் கட்டியகாரனுக்கு ஆள் தெரிவு செய்யத்தான் கூடுதலான நாள் எடுப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் எங்கள் பையன் ஒருவன் கிழட்டு வேலைக்காரனாக நடித்தான். நாலு வசனம்தான். மிச்ச நேரமெல்லாம் மற்றவர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவன் கேட்ட விதத்தில் மண்டபம் அவனையே பார்த்தது. புள்ளித்தாளில் அவனுக்கென்று ஒரு வரி இருக்கவில்லை. ராசாவாக நடித்தவனுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது, அவனும் தகுதியானவன்தான். ஆனால் வேலைக்காரனைப் பற்றி நடுவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒத்திகைக்கு அவன் வரவில்லை. நானும் வீட்டுக்குப் போய்க் கூப்பிடவில்லை, அது என் பிழை.

அதனால் கேட்கிறேன். புள்ளித்தாளில் துணைப் பாத்திரத்துக்கு ஒரு வரி சேருங்கள், அதற்கென்று ஒரு பரிசும் வையுங்கள். ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்த 'பசி' படத்தில் ரிக்சாக்கார அப்பாவாக நடித்த கணேஷுக்குத் தமிழ்நாடு அரசு சிறப்புப் பரிசு கொடுத்தது. நாயகியின் விருது அதனால் குறைந்துபோகவில்லை. முடிவு அறிவிக்கும்போது மந்திரி, தோழி, காவலாளியாக நின்ற பிள்ளைகளின் பெயரையும் வாசியுங்கள். மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் அந்தப் பாத்திரங்களில்தான் நிற்கிறார்கள்.

அந்தப் பையன் இப்போது நிலாவெளிப் பக்கம் வேலை செய்கிறான். புள்ளித்தாளில் அந்த வரி வந்தால், அதை எடுத்துக்கொண்டு இந்த முறை நானே அவனைக் கூப்பிடப் போவேன்.

இப்படிக்கு,
உப்புவெளியில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் ஒருவர்