நகரின் குழாய்க் கிணற்று நீர் விநியோகத்தை விரிவாக்கக் கோரும் மனு

பெறுநர்:
மதிப்பிற்குரிய நிர்வாக அதிகாரி அவர்கள்,
நகர வளர்ச்சிக் குழு அலுவலகம்.

அனுப்புநர்:
கிழக்கு வார்டு குடும்பங்கள் சார்பில்,
கோவில் தண்ணீர்க் குழுச் செயலாளர்.

பொருள்: மேட்டு நிலத்தில் புதிய குழாய்க் கிணறுகளும் மேல்நிலைத் தொட்டியும் அமைத்துத் தருவது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இம்மனுவின் பர்மியப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறோம். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாங்களே வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று தமிழிலும் எழுதினோம்.

பெகு ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடல் ஏற்றம் வந்து போகும் கரையில் நம் நகரம் இருக்கிறது. மழைக்குக் குறைவில்லை. யாங்கோன் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபருக்குள் கொட்டி முடிந்துவிடும். மாசி பிறந்ததும் எங்கள் வார்டில் குழாய் இளைக்கத் தொடங்கும். பங்குனியில் நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம்தான் வரும். அதுவும் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஊரெல்லாம் பர்மியப் புத்தாண்டான திஞ்ஜானுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் நாளில் எங்கள் தெருப் பெண்கள் தள்ளுவண்டியில் வரும் பீப்பாய்த் தண்ணீருக்குக் காத்து நிற்கிறார்கள். அன்றாடக் கூலியில் ஒரு பங்கு அந்தப் பீப்பாய்க்கே போகிறது.

கோவில் வாசலில் வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பானைகள் வைத்திருக்கிறோம். பர்மிய அண்டை வீட்டார் வைக்கும் பானை மேடையும் எங்கள் தண்ணீர்ப் பந்தலும் ஒரே தருமம்தான். போன கோடையில் அந்தப் பானைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டியதாயிற்று. என் நினைவு தெரிந்து அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

நான் இருபத்தாறு வருடம் குழாய்க் கிணறு இறக்கும் வேலை செய்தவன். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வார்டுக் கிணற்றுக்குப் பெரிய மோட்டார் வந்தது. முதல் கோடையில் தாராளமாக ஓடியது. அடுத்த கோடையில் உப்பு ஏறிவிட்டது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெரிய மோட்டார் வேண்டும் என்று அன்று கேட்டவர்களில் நானும் ஒருவன். நாங்கள் கேட்டது தவறு என்று இப்போது புரிகிறது.

கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் எடை குறைந்தது. அது உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் அதன் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். ஒரே இடத்தில் வேகமாக இறைத்து மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு 40 அடி வரை மேலே ஏறப் பார்க்கும். கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் உப்பிடம் நாமே போய்ச் சேருவோம். அதனால்தான் இன்னொரு பெரிய மோட்டாரையோ ஆழமான கிணற்றையோ இந்த முறை நாங்கள் கேட்கவில்லை.

நகரின் உட்புறம் செம்புறாங்கல் மேடு இருக்கிறது. ஆற்றிலிருந்து விலகிய அந்த மேட்டில் ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு நான்கு சிறிய கிணறுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் மெதுவாக இறைக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. நான்கு கிணறுகள் சேர்ந்து தரும் நீரை ஒரே கிணற்றிலிருந்து பிடுங்கினால் இன்றைய நிலைதான் திரும்ப வரும். எந்த இடத்தில் இறக்குவது என்று முடிவு செய்யுமுன், சோதனைக் குழாய் போட்டுக் குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து இறைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் எவ்வளவு இறங்குகிறது, உப்பு ஏறுகிறதா, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்கு வருகிறது என்று மணிக்கொருமுறை குறிக்க வேண்டும். இதைத் தயவுசெய்து ஏப்ரலில் செய்யுங்கள். ஆகஸ்டில் சோதித்தால் எந்தக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும்.

கிணற்று நீரை இரும்புக்கும் ஆர்செனிக் என்னும் நஞ்சுக்கும் சோதித்த பிறகே குழாயில் விட வேண்டும். ஐராவதி கழிமுகத்தில் பல குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் இருப்பது தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இரும்பு இருந்தால் துணியில் செம்மஞ்சள் கறை விழும், நமக்கே தெரிந்துவிடும். அதைக் காற்றுப் படவிட்டு மணல் தொட்டியில் வடிகட்டலாம். ஆர்செனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மேட்டிலேயே தொட்டி கட்டினால் மின்சாரம் இருக்கும் நேரத்தில் நிரப்பிவிட்டு, இல்லாத நேரத்திலும் தண்ணீர் தானாகவே இறங்கி வரும்படி செய்யலாம். இப்போது மின்சாரம் நின்றால் குழாயும் நின்றுவிடுகிறது. அழுத்தம் இல்லாத பழைய குழாய்களில் விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே புகுகிறது. மழைக்காலம் தொடங்கியதும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். நான்கில் ஒரு கிணற்றிலாவது அடிபம்பும் பொருத்தித் தர வேண்டும். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து மோட்டார்கள் எல்லாம் நின்றுபோயின. பக்கத்துத் தெரு அடிபம்பு ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது. இரவு பகலாக வரிசையில் நின்று அடித்தோம்.

பேரிடர் முகாம்களுக்கென்று உலக அளவில் வகுத்த ஸ்பியர் நெறிகளில்கூட ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், 250 பேருக்கு ஒரு குழாய், 500 மீட்டருக்குள் தண்ணீர் என்றுதான் இருக்கிறது. முகாமில் அல்ல, சொந்த வீட்டில் வாழும் எங்கள் வார்டுக்குக் கோடையில் அந்த அளவுகூடக் கிடைப்பதில்லை.

வெறுங்கையோடு கேட்க வரவில்லை ஐயா. மேட்டில் கோவிலுக்குச் சொந்தமான நிலத்தில் தொட்டிக்கும் ஒரு கிணற்றுக்கும் இடம் தரக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. பள்ளம் தோண்டவும் குழாய் சுமக்கவும் வீட்டுக்கு ஓர் ஆள் வருவோம். பத்து வீட்டுக்கு ஒருவராக இருக்கும் தலைவர்கள் முறைப்பட்டியலும் போட்டுவிட்டார்கள். மாதக் கட்டணம் மீட்டர் கணக்கில் வந்தால் தவறாமல் செலுத்துவோம். பீப்பாய்க்குக் கொடுப்பதை விட அது நிச்சயம் குறைவாகவே இருக்கும். கிணறுகளைச் சுற்றி வேலி போட்டு, 30 மீட்டருக்குள் கழிப்பறைக் குழி வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எங்களுடையது.

தாங்கள் ஒருமுறை நேரில் வந்து மேட்டையும் பழைய கிணற்றையும் பார்வையிட வேண்டுகிறோம். முடிந்தால் பங்குனி மாதத்தில், தண்ணீர் விடும் நாளில் விடியற்காலையில் வாருங்கள். எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு குவளை பிடித்துத் தருகிறோம், குடித்துப் பாருங்கள். வரும் கோடைக்குள் சோதனைக் குழாயாவது இறக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிழக்கு வார்டு கோவில் தண்ணீர்க் குழுச் செயலாளர்.

இணைப்பு: பர்மியப் பிரதி, குடும்பத் தலைவர்களின் கையெழுத்துகள், மேட்டு நிலத்தின் கைவரைபடம்.