சீன இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே, மொழிபெயர்ப்பாளர்களே, வணக்கம்.

சீனாவிலிருந்து அடுத்து எதைக் கொண்டுவரலாம் என்று யோசிக்கும்போது, 1980களின் இறுதியில் அங்கே எழுந்த, சாதாரண மனிதர்களின் அன்றாடத்தைத் தீர்ப்பு சொல்லாமல் எழுதிய 'புதிய யதார்த்தவாத'க் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நவீன சீன இலக்கியத்தின் முன்னோடி லூ சுன்னைப் படித்துவிட்டு நேரே நோபல் பெற்ற மோ யானுக்குத் தாவினால், நடுவில் நடந்த பெரிய மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும்.

லியு ஜென்யுன் 1991இல் வெளியிட்ட குறுநாவல் ஒன்று, சின்ன லின் வீட்டில் அரைக் கிலோ டோஃபு புளித்துப்போவதில் தொடங்குகிறது. விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கியது. ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டான். சாயங்காலம் அதை வைத்துப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அப்புறம் மனைவியின் வேலை மாற்றம், குழந்தைக்கு மழலையர் பள்ளியில் இடம் என்று கதை ஓடுகிறது. கல்லூரியில் கவிதை எழுதித் திரிந்த நண்பன் இப்போது வாத்து விற்கிறான். லின்னும் அந்தக் கடையில் போய் உட்கார்கிறான். முதலில் வெட்கம், பிறகு பழகிவிடுகிறது.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் 1942இல் கம்யூனிஸ்ட் கட்சியின் அன்றைய தளமான யெனானில் மாவோ ஆற்றிய உரைகளுக்குப் பிறகு, இலக்கியம் யாருக்காக, எதற்காக என்பதைக் கட்சிதான் சொன்னது. 1953இல் சோசலிச யதார்த்தவாதமே அதிகாரபூர்வ அளவுகோல் ஆனது. தொழிலாளி என்றால் வீரன், முடிவு என்றால் நம்பிக்கை. 1978இல் லு ஷின்ஹுவாவின் சிறுகதையோடு 'வடு இலக்கியம்' பெயர்பெற்று, மாவோ 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின் காயங்களைத் திறந்து காட்டியது. பெரிய துணிச்சல்தான். ஆனாலும் பழி அநேகமாக, மாவோவின் மனைவி உட்பட நான்கு கட்சித் தலைவர்களான 'நால்வர் கும்பல்' மேலேயே போய் விழுந்தது.

டோஃபு புளித்ததற்கு அப்படிக் கைகாட்ட ஆள் இல்லை. 1989இல் நான்ஜிங்கின் 'ஜோங்ஷான்' இதழ் இந்தப் போக்கை முன்னிறுத்தியபோது, இதில் இலட்சியமே இல்லை என்று விமர்சகர்கள் சிலர் குறைபட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. தீர்ப்பை மேலிருந்து வாங்கியே எழுதப் பழகிய ஓர் இலக்கியத்தில், தீர்ப்பே சொல்லாமல் ஒருவனின் நாளை முழுசாக எழுதுவது பெரிய விடுதலை.

ச்சி லியின் 1987 குறுநாவலில் வூஹான் எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவரின் ஒரே ஒரு நாள்: கழிப்பறைக்கு வரிசை, மகனோடு யாங்சி ஆற்றில் படகு, ஆலை, திரும்பவும் படகு. அதே ஆண்டு ஃபாங் ஃபாங் எழுதியதில், 13 சதுர மீட்டர் பலகை வீட்டில் நெருக்கியடித்து வாழும் குடும்பத்தின் கதையை, ஜன்னலடியில் புதைக்கப்பட்ட குழந்தையே சொல்கிறது. பிரமாதமான எழுத்து.

ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்தாலும் சரி, அதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். வீடும் பஸ்ஸும் வேலையிடத்தின் தயவில் கிடைத்த அந்தக் காலத்தையும் இரண்டு பக்கத்தில் விளக்குங்கள். மூன்றுமே குறுநாவல்கள்தான், ஒரே தொகுப்பில் அடங்கிவிடும்.

அன்புடன்,
ஒரு வாசகர்