கணக்குப் புத்தகம் யார் கையில்? சார்லஸ் ஜான்சனுக்கு ஒரு கடிதம்

பேராசிரியர் சார்லஸ் எஸ். ஜான்சன் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் துறைத்தலைவர் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு குறிப்பேடு கிடைத்தது. நான் பாதியில் நிறுத்திய கள ஆய்வு. கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டி பேசிக்கொண்டிருக்கிறார், வாக்கியம் முடியவில்லை. தேநீர் வந்ததோ, மழை வந்ததோ, நிறுத்தியிருக்கிறேன். அப்புறம் மூன்று வருடம் அந்த வாக்கியத்துக்குத் திரும்பவே இல்லை.

அன்று இரவு உங்கள் நினைவு வந்தது. சமூகவியல் பேராசிரியர்கள் நிர்வாகத்துக்குப் போன கதைகள் நிறைய உண்டு. ரால்ஃப் டாரன்டார்ஃப், ஆன்டனி கிடன்ஸ் இருவருமே லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு இயக்குநராக இருந்தவர்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றுகிறது. காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். தமிழில் படிப்பவர்களுக்கு உங்களை அவ்வளவாகத் தெரியாது என்பதால் உங்கள் கதையை உங்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1893-இல் வர்ஜீனியா மாநிலத்து பிரிஸ்டலில், கறுப்பின பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் ராபர்ட் பார்க்கிடம் படித்தீர்கள். முதல் உலகப் போருக்காக பிரான்ஸ் போய்த் திரும்பிய கையோடு, 1919 ஜூலையில் சிகாகோ பற்றி எரிந்தது. மிச்சிகன் ஏரியில் குளித்துக்கொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவனுக்கு வயது 17. வெள்ளையர்களின் பகுதி என்று சொல்லப்பட்ட பக்கம் மிதந்து போனான் என்று கல்லெறிந்தார்கள், மூழ்கிச் செத்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் இறந்தவர்கள் 38 பேர்: கறுப்பினத்தவர் 23, வெள்ளையர் 15.

ஆளுநர் விசாரணைக் குழு அமைத்தார். அதன் இணைச் செயலாளராக ஆய்வுப் பொறுப்பு உங்களிடம் வந்தது. 1922-இல் வெளியான அந்த அறிக்கை அறுநூற்றுச் சொச்சம் பக்கம். கலவரத்தை மட்டும் சொல்லி நிறுத்தாமல் வீட்டு வாடகை, வேலை, பள்ளி, செய்தித்தாள்கள் கிளப்பிவிட்ட வதந்தி என்று எல்லாவற்றையும் அளந்து வைத்தது. அதில் பெரும்பகுதி உங்கள் கைவண்ணம் என்கிறார்கள். அட்டையில் இருந்ததோ குழுவின் பெயர். உங்களுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

இந்தப் பின்னால் நிற்கும் பழக்கம் உங்களை விட்டுப் போகவே இல்லை. நியூயார்க்கில் ‘ஆப்பர்ச்சூனிட்டி’ இதழின் ஆசிரியராக இருந்தபோது, 1924 மார்ச்சில் சிவிக் கிளப்பில் ஒரு விருந்து வைத்தீர்கள். இளம் கறுப்பின எழுத்தாளர்களையும் வெள்ளைப் பதிப்பாளர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தீர்கள். ஹார்லெம் மறுமலர்ச்சி என்று இன்று பாடப்புத்தகத்தில் வரும் கறுப்பினக் கலை இலக்கிய எழுச்சிக்கு அந்த இரவை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள். அன்று மேடையை நடத்தியவர் கறுப்பின அறிஞர் அலைன் லாக். அழைப்பு அனுப்பி, யார் பக்கத்தில் யார் என்று யோசித்தவர் நீங்கள். ஒரு நல்ல நிர்வாகியை இதை வைத்தே அடையாளம் கண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. நாற்காலி போடத் தெரிந்த ஆள்.

1928-இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் போனீர்கள். ஃபிஸ்க் பல்கலைக்கழகம், சமூகவியல் துறை. நடுவில் 1930-இல் லைபீரியாவில் கட்டாய உழைப்பு பற்றிய சர்வதேச விசாரணைக்கு அமெரிக்கப் பிரதிநிதியாகப் போனதும், அந்த அறிக்கை வந்ததும் அந்நாட்டு அதிபர் கிங் பதவி விலகியதும் தனிக் கதை. அதை இன்னொரு நாள் பேசலாம். எனக்கு உங்களோடு பேச வேண்டியது அலபாமா மாநிலத்து மேக்கன் கவுண்டி பற்றி.

அங்கே 612 கறுப்பினக் குடும்பங்களை ஆய்வு செய்து 1934-இல் ‘ஷேடோ ஆஃப் தி பிளாண்டேஷன்’ நூலைக் கொண்டுவந்தீர்கள். முன்னுரை எழுதியவர் உங்கள் ஆசிரியர் பார்க். மாணவனாக இருந்தபோது முதல் தடவை படித்தேன். அட்டவணைகளைத் தாண்டிப் போய் அந்த மக்களின் பேச்சை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். அவர்கள் பேசியபடியே, அந்த இழுப்போடு எழுதி வைத்திருந்தீர்கள். பல நோய்களையும் ‘கெட்ட ரத்தம்’ என்று அவர்கள் சொல்வதும் அதில் இருக்கிறது. அதே கவுண்டியில்தான் 1932-இலிருந்து அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் நோய்க்கு மருந்து கொடுக்காமல் கறுப்பின ஆண்களை 40 ஆண்டுகள் வேடிக்கை பார்த்தது. ஒரே சனங்கள். நீங்கள் கேட்கப் போனீர்கள், அவர்கள் எண்ணப் போனார்கள்.

அந்த நூலில் என்னைப் பிடித்துக்கொண்டது கணக்குப் புத்தகம். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிரிடும் குடும்பம் வருடம் முழுக்கப் பருத்தியில் உழைக்கிறது. விதை, மாவு, இறைச்சி, துணி எல்லாம் முதலாளி கொடுத்த முன்பணத்தில். அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். புத்தகம் அவர் கையில், எழுதுகோலும் அவர் கையில். பற்று எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அவர் சொல்வதுதான். பெரும்பாலும் மிச்சம் எதுவும் வராது, கடன்தான் மிஞ்சும். எதிர்த்துக் கேட்கலாம். கேட்டால் அடுத்த வருடம் எங்கே பயிரிடுவது? அதனால் கேட்கமாட்டார்கள். அந்த மௌனத்தைச் சோம்பல் என்றும் திருப்தி என்றும் வெள்ளையர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அது கணக்குப் புத்தகத்தின் விளைவு என்று காட்டினீர்கள். எனக்குத் தெரிந்து அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு எளிமையாகப் பாடம் எடுத்தவர்கள் குறைவு.

சரி, இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

ஃபிஸ்க் 1866-இல் தொடங்கியது, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக. எண்பது ஆண்டுகளாக அதன் தலைவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். 1946-இல் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், முதல் கறுப்பினத் தலைவர். நம் கணக்கில் துணைவேந்தர் மாதிரி. எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. அதே ஃபிஸ்க்கில் படித்த கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்கே உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெள்ளை அறக்கட்டளைகளுக்கு வேண்டியவர் என்ற பெயர் உங்களுக்கு இருந்தது. பெயர் இருந்ததே தவிர, அந்தப் பணத்தை வைத்து என்ன செய்தீர்கள் என்று பார்த்தால் நான் உங்கள் பக்கம்தான் பேசுவேன். இனப் பிரிவினைச் சட்டம் ஆண்ட நாஷ்வில்லில், 1944 முதல் ஒவ்வொரு கோடையிலும் இன உறவுகள் பயிலரங்கு நடத்தினீர்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசினார்கள். கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வந்து போனார். 1949-இல் ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப், தன் மறைந்த கணவர் ஸ்டீக்லிட்ஸின் சேகரிப்பிலிருந்து 101 கலைப்படைப்புகளை ஃபிஸ்க்குக்குத் தந்தார். 1953-இல் சிறந்த மாணவர்களைக் கௌரவிக்கும் ஃபை பீட்டா கப்பா சங்கத்தின் கிளை வந்தது. அதற்கு முன் எந்தக் கறுப்பினக் கல்லூரிக்கும் கிடைக்காத அங்கீகாரம். நூலகத்தில் எழுத்தாளர் ஆர்னா பான்டெம்ப்ஸ், ஓவியத் துறையில் ஆரன் டக்ளஸ். ஹார்லெமில் நாற்காலி போட்டுக்கொடுத்தவர்களுக்கு நாஷ்வில்லிலும் போட்டீர்கள்.

ஆனால் மேக்கன் கவுண்டி போல ஒரு கள ஆய்வு நூல் தலைவரான பிறகு உங்களிடமிருந்து வரவில்லை. உரைகள் வந்தன, கட்டுரைகள் வந்தன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் இழுப்பறையில் இருந்த குறிப்பேட்டைப் பார்த்த பிறகு அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் கேட்க வந்தது லீ லோர்ச் பற்றி.

அவர் வெள்ளையர், கணிதப் பேராசிரியர். நியூயார்க்கில் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதை எதிர்த்ததால் வேலைகளை இழந்தவர். 1950-இல் நீங்கள் தலைவராக இருந்த ஃபிஸ்க் அவருக்கு இடம் கொடுத்தது, கணிதத் துறையையே அவரிடம் கொடுத்தது. 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், தன் மகளைக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியில் சேர்க்கப் போய் நின்றார். அதே செப்டம்பரில் ‘அமெரிக்க விரோத நடவடிக்கை’களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அவரை ஓஹையோவுக்குக் கூப்பிட்டது. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்ற கேள்வி வந்தது. ஃபிஸ்க்கில் இருக்கும் காலத்தில் இல்லை என்றார். அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பேச மறுத்தார், அது குழுவுக்குத் தேவையில்லாதது என்று.

அந்த மறுப்பு, உறுப்பினர் என்று ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்ற பொருளில் நீங்கள் அறிக்கை விட்டீர்கள். ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் லோர்ச்சுக்காகப் பேசினார்கள். அறங்காவலர் குழு அவர் பணியைப் புதுப்பிக்கவில்லை. 1955-இல் போய்விட்டார்.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. தெற்கில், 1954-இல், ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்தின் தலைவர். பணம் வெளியிலிருந்து வர வேண்டும். கம்யூனிஸ்ட் என்ற ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் மொத்த வளாகத்தையும் முடக்கிவிடத் துடித்த ஆட்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். ஒரு ஆளா, இத்தனை பிள்ளைகளின் படிப்பா என்று உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்: கணக்குப் புத்தகம் யார் கையில் என்று அந்த நேரத்தில் உங்களுக்குத் தோன்றவில்லையா? எதிர்த்துக் கேட்டால் அடுத்த வருடம் எங்கே பயிரிடுவது என்று பயந்து வாயை மூடிக்கொண்ட மனிதர்களை நீங்கள்தானே எங்களுக்குக் காட்டினீர்கள்?

இதைக் கேட்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். வரவில்லை. போன வருடம் எங்கள் துறையில் ஒரு தற்காலிக விரிவுரையாளர் கூட்டமொன்றில் சங்கடமான கேள்வி ஒன்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் கழித்து மேலிடத்தில் ஒருவர் நடைபாதையில் வைத்து, ‘அவங்க நீட்டிப்பு அவசரமில்ல’ என்றார். காகிதத்தில் எதுவும் இல்லை. நான் அவரைப் பற்றி ஒரு தவறான வார்த்தைகூட எழுதவில்லை. ஒன்றுமே எழுதவில்லை. பரிந்துரைக் கடிதம் போக வேண்டிய தேதியில் போகவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு மாதத்துக்கு அவர் என் அறை வழியாகப் போகும்போது நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்களாவது அறிக்கை என்று ஒன்று விட்டீர்கள், உங்கள் பெயரில். இத்தனை காலம் பெயர் போடாமல் அடுத்தவரை முன்னால் நிறுத்திய நீங்கள் அந்த ஒன்றில் பெயரோடு நின்றது எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது, ஒரு விதத்தில் மரியாதையாகவும் இருக்கிறது. எனக்கு அந்தத் தைரியமும் வரவில்லை.

1956 அக்டோபர் 27. நியூயார்க்கில் அறங்காவலர் கூட்டம். ரயிலில் போகிறீர்கள். லூயிவில் நிலையத்தில் மாரடைப்பு. வயது 63. ஒரு மாதம் முன்புதான் நியூயார்க் டைம்ஸ் இதழில், தெற்கத்திக் கறுப்பினத்தவன் தெற்கைப் பார்க்கும் பார்வை என்று கட்டுரை எழுதியிருந்தீர்கள். நான்கு வருடத்தில் அதே நாஷ்வில்லில், ஃபிஸ்க் மாணவி டயான் நாஷும் நண்பர்களும் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு விடுதி மேசைகளில் போய் உட்கார்ந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. உங்களுக்குத் தெரிந்திருக்குமா, தெரியாது. லோர்ச்சிடம் ஃபிஸ்க்கில் படித்த மூன்று பெண்கள், எட்டா ஃபால்கனர், விவியன் மலோன் மேயஸ், குளோரியா ஹியூவிட், பின்னாளில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்கள். கறுப்பினப் பெண்களுக்கு அந்தப் பட்டம் அபூர்வமாக இருந்த காலம். ஹியூவிட் ஃபிஸ்க்கில் இளநிலை முடித்தது 1956-இல், லோர்ச் போய் ஒரு வருடம் கழித்து. தலைவர் நாற்காலியில் அப்போது நீங்கள்தான். மேற்படிப்புக்கு அவர் எங்கும் விண்ணப்பமே போடவில்லை. இருந்தும் அவருக்கு அழைப்பு வந்தது. அவரிடம் சொல்லாமலே, வேலை போன லோர்ச் அவருக்காகப் பரிந்துரை எழுதி அனுப்பியிருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் நூலை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கும் ஒரு சமூகவியல் ஆசிரியர்