பரேலில் எங்களோடு இருந்த தாராவி அக்காவுக்கு

இந்தப் பதிவு தாராவிப் பக்கம் யார் கண்ணிலாவது பட்டு, அந்த அக்காவிடம் போய்ச் சேர வேண்டும்.

அம்மாவின் புற்றுநோய் சிகிச்சைக்காகப் போன மழைக்காலத்தில் திருநெல்வேலியிலிருந்து மும்பை வந்தோம். இந்தி தெரியாது, தங்க இடமில்லை. புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் பரேல் பகுதியின் நடைபாதையில் படுத்திருந்த எத்தனையோ நோயாளிக் குடும்பங்களோடு நாங்களும் படுத்தோம்.

அக்கா, எங்கள் தமிழைக் கேட்டு நீங்களாகவே வந்து உட்கார்ந்தீர்கள். படிவங்களை நிரப்பினீர்கள், கவுன்ட்டரில் மராத்தியில் பேசினீர்கள், தர்மசாலையில் இடம் பிடித்துக் கொடுத்தீர்கள். அப்புறம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் ரசஞ்சாதம். கீமோ முடிந்து அம்மா வாந்தி எடுத்தபோது, கொஞ்சமும் யோசிக்காமல் உங்கள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தீர்கள்.

எந்தச் சபை அனுப்பியது என்று கேட்டேன். "யாரும் அனுப்பல தம்பி. இயேசு செஞ்சதை என்னால முடிஞ்ச அளவு செய்றேன்" என்றீர்கள். திருநீறு பூசிய அம்மாவிடம் ஒரு நாளும் மதம் பேசவில்லை. ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, அம்மா தலையசைத்த பிறகுதான் ஜெபித்தீர்கள்.

திருச்சபைகளின் செல்வாக்கு குறைகிறது என்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம்தான். நம் ஊரிலோ சபைத் தேர்தல் வழக்குகள். விசுவாசிகள் எல்லோருமே குருக்கள் என்று ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520-லேயே எழுதினார். அப்படி ஒருவரை நான் கண்ணால் பார்த்தது உங்களிடம்தான்.

அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். தை மாதம் மறுபரிசோதனைக்கு வருகிறோம். உங்களுக்கென்று ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறார், அக்கா.