படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவன் என் மகன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் எங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பு பற்றி முழுப்பக்கக் கட்டுரை. 'கேட்பாரற்றுத் திரியும் பிள்ளைகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவன் என் மகன். அந்த மஞ்சள் சட்டையின் காலரைத் தைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? கழுத்தில் தெரிகிற கறுப்புக் கயிறு தாயத்தும் இல்லை. அதன் நுனியில் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது.

கேட்க ஆள் இருந்தது ஐயா. கூவம் கரையில் இருந்தவரை எதிர்வீட்டு ஆயா பார்த்துக்கொண்டார். நான் சமையல் வேலை செய்யும் வீடுகள் எழும்பூர் பக்கம், நடந்தே போய்வருவேன். பிறகு எங்களைக் கொண்டுவந்து எட்டு மாடிக் கட்டடத்தில் ஏற்றினார்கள். குலுக்கலில் எனக்கு ஒரு பிளாக், ஆயாவுக்கு எங்கோ ஒரு பிளாக். சீட்டு எடுத்தவருக்கு எல்லா வீடும் ஒரே சதுர அடிதானே! எங்களை இங்கே ஏற்றிய குடிசை மாற்று வாரியத்தின் பெயரில் இருந்த 'குடிசை'யை 2021-இல் எடுத்தது போல, ஆயாவையும் பேனாவால் இடம் மாற்றிவிடலாம் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அதற்கு நன்றி. ஆனால் திரும்பி வர ஏழு மணி ஆகிறது. மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் காலை உணவு போடுகிறார்கள். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கு. அவன் உப்புமா சாப்பிடும்போது வாசலில் நிற்கிற நாலு வயதுத் தங்கைக்குப் பசிக்காது என்பது கணக்கு போலும். மாலையில் அங்கன்வாடி மூடும் நேரத்துக்கு இவனுக்குப் பள்ளி விடாது. டீச்சரம்மா தன் தயவில் அரைமணி நேரம் கூட உட்காருகிறார். உங்கள் நிருபர் அவரைப் பார்க்கவில்லை.

கணவர் இறந்த பிறகு, தகப்பனில்லாத பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்துக்கு எழுதிப்போட்டேன். நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000-ஐத் தாண்டக் கூடாதாம். அதாவது மாதம் 8,000. நான் சம்பாதிப்பது 9,500. ஒரு வீட்டு வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றியும் நீங்கள் ஒரு முழுப்பக்கம் போடலாம்.

உங்களைப் போன்ற படித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் 'பெற்றோரின் அலட்சியம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

எங்கள் பிளாக் அங்கன்வாடியை மாலை ஏழு மணி வரை திறந்து வைக்கவும், அதற்குக் கூடுதலாக ஓர் ஆயாம்மா போடவும் நாலு வரி எழுதுங்கள், போதும்.

இன்னொன்று. படம் எடுத்த தம்பியிடம் அதில் ஒரு பிரதி கேட்டு அனுப்ப முடியுமா? பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பேப்பரில் வந்தது மசமசவென்று இருக்கிறதாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பெரும்பாக்கம், சென்னை.